நிழல் யாருடைய உடைமை?

ஒரு நகரம் தன் மரங்களை எவ்வாறு பேணுகிறது என்று கேட்டால், அந்நகரத்தை ஆள்வோர் உடனே ஓர் எண்ணிக்கையை எடுத்து நீட்டுவர். சென்ற ஆண்டு இத்தனை ஆயிரம் கன்றுகள் நட்டோம். இவ்வாண்டு இத்தனை ஆயிரம் நடுவோம் என்பர். மண்வெட்டி பிடித்த அமைச்சரின் படமும் பூவாளி பிடித்த அதிகாரியின் படமும் மறுநாட் பத்திரிகையில் வெளிவரும். நட்ட கன்று காய்ந்த செய்தி வெளிவருவதில்லை. அசோகன் சாலையோரங்களில் மரம் நடுவித்தான் என்று வரலாற்றுப் பாடநூல் மாணவர்க்குக் கற்பிக்கிறது. அம்மரங்களுக்கு நீர் சுமந்தோர் எவர் என்று அது கூறுவதில்லை. நடுவித்தவன் பெயரைக் கல்லிற் பொறித்துவிட்டு வளர்த்தவன் பெயரை மறந்துவிடும் இவ்வழக்கத்துக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதுண்டு. நமது மாநகர சபைகளும் அவ்வழக்கத்தையே பக்தியோடு பின்பற்றி வருகின்றன.

நாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது இதுவே: நடப்பட்ட கன்றுகளின் தொகையைக் கொண்டு ஒரு நகரின் மரப் பராமரிப்பை அளத்தல் ஆகாது. வளர்ந்து நிற்கும் மரங்களின் கணக்கு நகரத்திடம் உண்டா? அவற்றின் நிழல் யார்மீது விழுகின்றது? அவற்றை வளர்ப்பதையும் வெட்டுவதையும் தீர்மானிப்போர் யாவர்? இம்மூன்று வினாக்களுமே அளவுகோலாதல் வேண்டும். துறை அறிஞர் வகுத்த முறைக்கும் இது முரணானதன்று. 1997இல் ஐக்கிய அமெரிக்காவிற் கிளார்க் முதலிய நால்வர் நகர மரங்களின் நிலைபேற்றை மதிப்பிடுதற்கு ஒரு மாதிரியை வகுத்தனர். மரவளம் அதில் ஒரு பகுதி மட்டுமே. சமூகத்தின் பங்கும் முகாமைத்துவமும் ஏனைய இரு பகுதிகளாகும். மரம் தனித்து வாழ்வதில்லை. அதனைச் சூழ்ந்த சமூக உறவுகளே அதன் ஆயுளை நிர்ணயிக்கின்றன என்பதே அம்மாதிரியின் உட்பொருள்.

இவ்விடத்தில் நம் அணியிலேயே உள்ள நண்பர் சிலர் எழுப்பும் ஆட்சேபத்துக்கு முதலில் விடையிறுத்தல் வேண்டும். "வீடில்லாதவனுக்கு வீடும் வேலையில்லாதவனுக்கு வேலையும் கேட்டுப் போராடவேண்டிய நாம், மரத்துக்காகக் குரல் கொடுப்பதா? இது வயிறு நிறைந்தோர் பொழுதுபோக்கு" என்பர் அவர். கேட்பதற்கு இது வர்க்க உணர்வு போலத் தோன்றும். ஆனால் நண்பகலில் நகரவீதியில் நிற்பவன் எவன் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை. குளிரூட்டிய அறையிலும் குளிரூட்டிய காரிலும் வாழ்பவனுக்கு வீதிமரம் கண்ணுக்கு விருந்து, அவ்வளவே. புறக்கோட்டையில் மூடை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளிக்கும், நடைபாதையிற் கடைவிரித்தவனுக்கும், வீதி கூட்டும் பெண்ணுக்கும், பஸ் தரிப்பிடத்திற் கைக்குழந்தையோடு காத்துநிற்கும் தாய்க்கும் அது வேலைத்தலத்தின் கூரை. கூரை கேட்பது வயிறு நிறைந்தோர் பொழுதுபோக்கென்று எந்தத் தொழிற்சங்கவாதி கூறுவான்?

நமது நாட்டுச் சட்டமே இவ்விடயத்தில் ஒரு நல்ல கொள்கையை ஒருகாலத்தில் ஏற்றுக்கொண்டது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுதலாகாது. மரம் தன் சொந்த வளவில் நின்றபோதிலும் உடையவன் தன் விருப்பம்போல் அதனை வீழ்த்த முடியாது. உணவு தரும் மரத்தில் ஊருக்கும் ஓர் உரிமையுண்டு என்பது இதன் பொருள். தனியுடைமைக்கு மேலே பொதுத்தேவையை வைத்த இக்கொள்கையை உணவோடு நிறுத்தாமல் நிழலுக்கும் விரித்தல் வேண்டும் என்பதே நமது கோரிக்கையின் சாரம். இனி மூன்று வினாக்களையும் கொழும்பு மாநகரை முன்வைத்து ஆராய்வோம்.

முதலாவது, கணக்கு. கொழும்பின் அகன்ற வீதிகளிற் குடைவிரித்து நிற்கும் பெருமரங்களுட் பல ஆங்கிலேயர் காலத்தில் நடப்பட்டவை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மழைமரம் அவற்றுள் முதன்மையானது. மாலையில் இலைமடித்து உறங்குவதனால் தூங்குமூஞ்சி என்றும் அதனை வழங்குவர். 1921இல் நகர அமைப்பறிஞர் பெற்றிக் கெடிஸ் கொழும்புக்கென ஒரு திட்ட அறிக்கை எழுதினார். சோலைநகரம் என்னும் பெருமையைக் கொழும்பு நெடுங்காலமாகப் பேசி வருகிறது. பெருமை பேசியோர் ஒன்றை மறந்தனர்: ஒரே காலத்தில் நட்ட மரங்கள் ஒரே காலத்திற் கிழடாகும். அவற்றுக்கு வாரிசு வளர்க்கும் வேலையை முப்பது ஆண்டு முன்னதாகவே தொடங்கியிருத்தல் வேண்டும்.

2023 ஒக்டோபர் 6ஆம் நாள் காலை, கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பயணிகள் பஸ் வண்டியின்மீது பெருமரமொன்று சரிந்து வீழ்ந்தது. ஐவர் மாண்டனர். அதன்பின் எழுந்த குரல்கள் இருவகைப்பட்டன. மழையும் காற்றும் செய்த வேலை இது; மனிதன் என்செய்வான் என்றது ஒரு குரல். வீதியோரத்துக் கிழமரங்களையெல்லாம் வெட்டித் தள்ளுங்கள் என்றது மற்றது. முன்னது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது. பின்னது நோயாளிகளைக் கொன்று நோயை ஒழிக்க முயல்வது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பன போலத் தோன்றினும் ஒரே கிளையில் முளைத்தவை. கணக்கெடுத்தல், கண்காணித்தல் என்னும் சலிப்பான வேலையிலிருந்து இரண்டுமே நகர நிருவாகத்தை விடுவித்துவிடுகின்றன.

நகரத்து மரம் ஏன் வீழ்கிறது என்பது மறைபொருளன்று. மரத்தை நிலத்தோடு பிணைக்கும் வேர்களிற் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒரு மீற்றர் ஆழத்துக்குள்ளேயே பரந்து, கிளைகளின் எல்லையையும் கடந்து செல்கின்றது. நீர்க்குழாய் பதிக்க ஒருவர் அகழி வெட்டுகிறார். தொலைபேசிக் கம்பி பதிக்க இன்னொருவர் வெட்டுகிறார். வடிகான் கட்ட மூன்றாமவர் வெட்டுகிறார். ஒவ்வொருவரும் அறுப்பது சில வேர்களையே. மரத்தின் கணக்கில் அவை ஒன்றாய்க் கூடுகின்றன. அடிமரம்வரை கொங்கிறீற்றும் தாரும் பூசப்பட்டு மண் இறுகிவிட்டால் நீரும் காற்றும் வேரை அடைவதில்லை. மின்கம்பிக்காக முடியைக் கண்டபடி வெட்டினால், வெட்டுவாய் வழியே பூஞ்சணம் புகுந்து உள்மரத்தை உக்கச் செய்யும். புதிதாய்க் கிளைப்பவை பற்றுறுதியின்றித் தொங்கும். வெளியே பச்சை இலை குலுங்கும். உள்ளே கோறை விழுந்திருக்கும். மரச்சுத்தியலால் தட்டி ஓசை கேட்டும், வேரடியிற் காளான் முளைத்துள்ளதா என்று பார்த்தும், அடிமண் வெடித்துள்ளதா என்று நோக்கியும் பயிற்சி பெற்ற தொழிலாளி ஒருவன் இவற்றுட் பலவற்றைக் காலத்தோடு அறிந்து கூறமுடியும். அவன் கூறுவதைப் பதிவதற்கு ஓர் ஏடும், படிப்பதற்கு ஓர் அதிகாரியும் இருந்தாற் போதும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவென்று கூறுவோர் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரை நோக்குக. பல ஆண்டுகள் நீடித்த வரட்சியால் மரங்கள் நலிந்த பின்னர், அந்நகரசபை 2012இல் ஒரு நீண்டகாலத் திட்டத்தை வகுத்தது. தன் பொறுப்பிலுள்ள ஏறத்தாழ 70,000 மரங்களையும் தனித்தனியே பதிவுசெய்து, அவற்றின் எஞ்சிய ஆயுளை மதிப்பிட்டு, அக்கணக்கை மக்கள் பார்வைக்கு வைத்தது. பொதுநிலங்களின் மரநிழலை நூற்றுக்கு 22இலிருந்து 2040ஆம் ஆண்டளவில் 40ஆக உயர்த்துவதென இலக்கு வைத்தது. எந்த ஒரு மரவினமும் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்தை மிஞ்சலாகாது என்று விதித்தது. ஒரு நோய் வந்தால் நகரமே மொட்டையாகிவிடாதிருத்தற் பொருட்டு இவ்விதி. மெல்பேர்ண் செல்வந்த நகரமென்பது மெய்யே. ஆயின் கணக்கெடுத்தலுக்கு வேண்டியவை அளவுநாடாவும் குறிப்பேடும் பயின்ற கண்ணுமே. வறுமையைக் காட்டிக் கணக்கைத் தவிர்த்தல் பொருந்தாது; வறியவனே கணக்குப் பார்த்துச் செலவிடவேண்டியவன்.

"வெட்டியதற்குப் பதிலாகக் கன்று நடுகிறோமே" என்பது நிருவாகத்தின் மாறாத விடை. ஆறாம் வகுப்பு மாணவனின் கணிதம் இதற்குப் போதும். இருபது மீற்றர் விட்டமுள்ள குடைவிரித்த மழைமரம் ஒன்று ஏறத்தாழ 314 சதுர மீற்றர் நிலத்துக்கு மேலே கூரையாகிறது. ஒரு மீற்றர் அகலத்துக்குத் தழைத்த கன்றோ ஒரு சதுர மீற்றரைக்கூட மூடுவதில்லை. அவ்வொரு மரத்துக்கு ஈடு செய்ய அன்றைய நிலையில் 400 கன்றுகள் வேண்டும். அவையும் பிழைத்திருக்க வேண்டும். நகரவீதி மரங்களின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 19 முதல் 28 ஆண்டு என ஐக்கிய அமெரிக்காவில் 2011இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்து மரம் பட்டுப்போவதாகக் கொண்டாலே இருபதாம் ஆண்டில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலாகவே எஞ்சும். ஆகவே, நடுகை விழாவுக்கு ஒதுக்கும் பணத்தைவிட, நட்ட பின்னர் மூன்றாண்டு நீரூற்றுதற்கு ஒதுக்கும் பணமே ஒரு சபையின் நேர்மையைக் காட்டும்.

இரண்டாவது வினா நிழலின் பங்கீடு பற்றியது. கொழும்புத் தமிழில் 'தோட்டம்' என்னும் சொல் இருபொருள் தருகிறது. ஒல்லாந்தர் காலத்துக் கறுவாச் செய்கையாற் பெயர்பெற்ற கறுவாத்தோட்டம் ஒன்று. அங்கே அகன்ற வீதிகள், தூதராலயங்கள், மாளிகைகள், இருபுறமும் கைகோத்து நிற்கும் மரங்கள். மற்றைத் 'தோட்டம்' வடகொழும்பிலும் மருதானையிலும் கிராண்ட்பாசிலும் தொழிலாளர் நெருங்கி வாழும் குடியிருப்பு. தகரக் கூரையும் பொதுக்குழாயும் ஒழுங்கையும் உண்டு. மரம் மட்டும் இல்லை. மரமுள்ள இடம் பெயரளவிற் கறுவாவின் தோட்டம். மரமற்ற இடம் மனிதரின் தோட்டம். மொழியாராய்ச்சி செய்வோர் இதனைச் சொற்பொருள் வேறுபாடு என்று குறித்துவிட்டுப் போகலாம். சமூகத்தை ஆராய்வோர் இதில் நூறாண்டு கால நகரத் திட்டமிடலின் வரலாற்றைக் காண்பர். சராசரிக் கணக்கு இவ்வேறுபாட்டை விழுங்கிவிடும். நகரத்தில் தலைக்கு இத்தனை மரம் என்று கூறும் அறிக்கையிற் கறுவாத்தோட்டத்து மழைமரத்தின் ஒரு கிளை மட்டக்குளித் தொழிலாளியின் கணக்கிலும் எழுதப்பட்டுவிடும். அவனோ அதன் கீழ் ஒருநாளும் நின்றிரான்.

இது கொழும்புக்கு மட்டும் உரிய அநீதியன்று. 1930களில் ஐக்கிய அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனமொன்று நகரங்களைத் தரம்பிரித்து வரைபடம் வரைந்தது. கறுப்பினத் தொழிலாளரும் குடியேறிகளும் வாழ்ந்த பகுதிகள் கடைத்தரமெனச் சிவப்பாற் குறிக்கப்பட்டன. அவ்வாறு குறிக்கப்பட்ட 37 நகரங்களை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வொன்று, முதற்றரப் பகுதிகளில் மரநிழல் நூற்றுக்கு 43 ஆகவும் கடைத்தரப் பகுதிகளில் 23 ஆகவும் இருப்பதைக் காட்டியது. வரைபடம் வரைந்த கைகள் மண்ணோடு மண்ணாகிப் பல்லாண்டுகள் ஆயின. அவை வகுத்த வெயில் இன்னும் காய்கிறது. முதலாளித்துவம் நிலத்தையும் நீரையும் பங்கிட்டதோடு நில்லாது நிழலையும் பங்கிட்டுள்ளது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

ஆகவே புதிதாய் நடப்படும் முதற்கன்று எங்கே நடப்படுகிறது என்று கேட்போம். வெளிநாட்டுத் தலைவர் பவனிவரும் வீதியிலா, அன்றேல் தொழிலாளர் வரிசையில் நிற்கும் தரிப்பிடத்திலா? விருந்தினர் கண்ணுக்காக நடப்படும் மரம் அலங்காரம். உழைப்போர் உடலுக்காக நடப்படும் மரம் பொதுச் சேவை. சுகாதாரத்துக்கும் பாடசாலைக்கும் ஒதுக்குவது போல அதற்கும் வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் இடமுண்டு.

மூன்றாவதும் தலையாயதுமான வினா அதிகாரம் பற்றியது. சங்க இலக்கியம் பயின்றோர் இருவகை மரங்களை அறிவர். ஒன்று மன்னனுடைய காவல்மரம். அது அவன் ஆட்சியின் சின்னம். பகைவன் வந்து அதனை வெட்டினால் அதுவே அவன் வெற்றிக்கு அடையாளம். மற்றது மன்றத்து மரம். ஊரவர் கூடியதும் வழக்குப் பேசியதும் அதன் நிழலிலேதான். முன்னது அரசின் உடைமை. பின்னது ஊரின் உடைமை. நமது நகரங்களில் மன்றத்து மரங்களெல்லாம் காவல்மரங்களாகிவிட்டன என்பதே நம் குற்றச்சாட்டு. நடுவதும் வெட்டுவதும் ஆள்வோர் செயல்; ஊரவர்க்குக் கிடைப்பது மறுநாட் காலையில் அடிக்கட்டை.

கொழும்பில் இது கண்கூடு. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. நகரம் அழகுபடுத்தப்பட்ட அந்த ஆண்டுகளிலேயே தோட்டவாசிகள் பலர் தம் இருப்பிடம்விட்டு அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். புல்வெளியும் நடைபாதையும் யாருக்காக என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிவுற்றது, தேர்தலோ ஒத்திவைக்கப்பட்டது. கொள்ளுப்பிட்டி மரம் வீழ்ந்த நாளிற் கொழும்பு மாநகரத்துக்கு மக்கள் தெரிவுசெய்த சபையொன்றே இருக்கவில்லை. சபையில் எழுந்து கேள்வி கேட்பதற்கு ஓர் உறுப்பினர் இல்லை. பதில் கூறுவதற்கு ஒரு முதல்வர் இல்லை. 2025 மே 6ஆம் நாளே தேர்தல் நடைபெற்றது. வாக்குரிமைக்கும் வீதிமரத்துக்கும் என்ன தொடர்பென்று வினவுவோர் இவ்விரு ஆண்டுகளையும் எண்ணிப் பார்ப்பாராக.

தெரிவுசெய்த சபை இருந்துவிட்டாலும் போதாது என்பதற்கு இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரம் சான்று. அந்நகரசபை 2012இல் வீதிப் பராமரிப்பை 25 ஆண்டுகளுக்கு, 220 கோடி பவுண் பெறுமதியில், ஏமி என்னும் தனியார் கம்பனியிடம் ஒப்படைத்தது. நகரின் ஏறத்தாழ 36,000 வீதிமரங்களில் 17,500ஐ அகற்றி வேறு நடுவதென அவ்வொப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. நலமான பெருமரங்களும் நடைபாதையைச் சற்று உயர்த்திய குற்றத்துக்காகச் சாய்க்கப்பட்டன. 2016 நவம்பர் 17ஆம் நாள் விடியுமுன் ஐந்து மணிக்குப் பொலிசார் சூழ ஒரு வீதியின் மரங்கள் வெட்டப்பட்டன. எதிர்த்து நின்ற எழுபது வயது கடந்த பெண்கள் கைதாயினர். மரத்தைக் காக்க நின்றோரைக் கைதுசெய்தற்கு எடுத்தாளப்பட்ட சட்டத்தை நம் வாசகர் கருத்திற் கொள்ளல் வேண்டும். அது 1992ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தின் 241ஆம் பிரிவு! தொழிலாளர் மறியலுக்கு எதிராகப் பயன்பட்ட வாளே மரத்தடியில் நின்ற மூதாட்டியர்மீதும் வீசப்பட்டது. அப்பிரிவின்கீழ்ப் போடப்பட்ட வழக்குகள் 2017இற் கைவிடப்பட்டன. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் வீழ்ந்த பின்னர், மக்கள் போராட்டத்தின் முன் 2018 மார்ச்சில் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 2023இல் வெளிவந்த சுயாதீன விசாரணை அறிக்கை, மாநகரசபை பொதுமக்களையும் நீதிமன்றத்தையும் தவறான வழியில் இட்டுச்சென்றதை எடுத்துரைத்தது. சபையும் மன்னிப்புக் கோரியது.

அச்சபையை அப்பொழுது ஆண்டது தொழிற்கட்சி என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. கட்சியின் பெயரிலே தொழிலாளர் இருப்பதனால் கொள்கையிலும் இருப்பர் என்று கொள்ளலாகாது. நீண்டகால ஒப்பந்தத்தின் மூலம் பொதுப்பொறுப்பை இலாபத்தின் கையில் விட்டுவிட்டால், ஆள்வோர் நிறம் எதுவாயினும் மரம் ஒரு செலவினமாகவே மாறும். வளர்ந்த மரத்துக்கு ஆண்டுதோறும் கவனம் வேண்டும். கன்றுக்கு நெடுங்காலம் பெருஞ்செலவில்லை. கம்பனியின் கணக்கேட்டிற் கன்று இலாபம், மரம் நட்டம். கோடரி யார் கையில் இருந்தாலும் அதை ஓங்கச் செய்வது இக்கணக்கேடே.

மரங்கள் ஒன்றுகூட வெட்டப்படலாகாது என்பது நமது வாதமன்று. உக்கிய மரம் மனிதர்மீது விழுமுன் அகற்றப்படல் வேண்டும். ஐந்து உயிர் அதற்குரிய விலையாயிற்று. நாம் கோருவது முறை. நகரின் ஒவ்வொரு பெருமரத்துக்கும் வயது, இனம், நலம் குறித்த பதிவேடு எழுதப்பட்டு மக்கள் படிக்கத் திறந்து வைக்கப்படல் வேண்டும். மரமொன்றை வெட்டுமுன் காரணம் அவ்வீதியிலே அறிவிக்கப்பட்டு அயலவர் கருத்துக் கேட்கப்படல் வேண்டும். வீதியை அகழும் திணைக்களம் எதுவாயினும் வேரைக் காக்கும் பொறுப்பை ஏற்றல் வேண்டும். மரத்தைப் பேணும் தொழிலாளர்க்குப் பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் நிரந்தர நியமனமும் வழங்கப்படல் வேண்டும். நாட்கூலிக்குக் கோடரி கொடுப்பது பராமரிப்பாகாது. புதிய நடுகை மரமற்ற தோட்டங்களிலும் பஸ் தரிப்பிடங்களிலும் பாடசாலை வாயில்களிலுமிருந்து தொடங்கல் வேண்டும்.

இக்கோரிக்கைகள் எழுதி அனுப்புவதால் மட்டும் நிறைவேறுவன அல்ல. ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க ஒரு வேலையுண்டு. சுற்றாடல் தினத்திற் கன்று நட்டுப் படம் எடுப்பதை ஓராண்டு நிறுத்தி வைப்போம். அதற்குப் பதிலாக நமது பாடசாலையைச் சூழ்ந்த வீதிகளிலுள்ள மரங்களை எண்ணுவோம். சுற்றளவை அளப்போம், காயங்களைக் குறிப்போம், வேரடியில் மண்ணுண்டா கொங்கிறீற்றுண்டா என்று எழுதுவோம். சென்ற ஆண்டுகளில் நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடுள்ளன என்றும் தேடுவோம். கணிதமும் தாவரவியலும் சமூகக் கல்வியும் ஒரே பாடமாகும் வகுப்பு அது. அக்கணக்கைத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரின் மேசைமீது வைத்து, உங்கள் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்போம். அவர் நடுகைவிழாப் படத்தை எடுத்து நீட்டுவாராயின், அடுத்த தேர்தலில் அவருக்குக் கொடுக்கவேண்டிய விடையை மாணவரின் பெற்றோர் அறிந்துகொள்வர்.